போக ஒரு மணி, வர இரண்டு மணி

சத்தியம், தம்பி! சத்தியம்! பஸ்ஸிலே இருக்கிற அத்தனை பேரும் கேட்கட்டும், அதற்காகத்தான் உரத்துச் சொல்கிறேன். நான் சொல்லப்போவதிலே ஒரு சொல், ஒரு அரைச் சொல் பொய்யென்றால் இந்த பஸ் அடுத்த வளைவிலே குடைசாயட்டும்! பார்த்தீர்களா, சாரதி கண்ணாடிக்குள்ளாலே முறைக்கிறான். தமிழ் விளங்குகிறது போலே. பயப்படாதே மகனே, நீ நேரே ஓட்டு. வேலும்மயிலும் பொய் சொன்னதாக நீர்கொழும்பிலே சரித்திரமே கிடையாது.

வேலும்மயிலும் என்பது நான்தான். சிரிக்க வேண்டாம். அப்பா வைத்த பெயர்.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். கட்டுநாயக்கா எயார்போட்டிலிருந்து மாலேக்குப் பிளேனிலே எவ்வளவு நேரம் என்று அந்த முன்சீட்டுக்காரரிடம் கேட்டீர்கள். அவர் "ஒண்டரை மணித்தியாலம்" என்றார். அதைக் கேட்டதும்தான் நான் எழும்பி வந்து உங்களுக்குப் பக்கத்திலே இருந்தேன். முன்சீட்டுக்காரருக்கு என்ன தெரியும்? போயிருக்கிறாரா? நான் போயிருக்கிறேன். ஒரு மணித்தியாலம். அறுபது நிமிஷம். அதற்கு மேலே ஒரு நிமிஷம் யார் சொன்னாலும், அவன் தில்லையம்பலத்தின் ஆள்.

தில்லையம்பலம் யாரென்று கேளுங்கோ. கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

தில்லையம்பலம் என் சம்பந்தி. அந்தச் சொல்லைச் சொல்லும்போதே நாக்கிலே பாகற்காய். முப்பது வருஷமாக மாலேயிலே ஒரு ஹோட்டலுக்குச் சாமான் எடுத்துக் கொடுக்கிற ஸ்டோர்காரர். ஆள் தென்னோலை ஈர்க்கு மாதிரி. சட்டைப் பையிலே மூன்று பேனா. ஒரு மனிதனுக்கு எதற்கையா மூன்று பேனா? ஒன்று பொய் எழுத, ஒன்று அந்தப் பொய்யைத் திருத்த, மூன்றாவது என்னைக் குத்த. எதைக் கேட்டாலும் இத்தனை கிலோமீற்றர், இத்தனை நிமிஷம் என்று அட்டவணை மாதிரிப் பேசுவார். "அண்ணை, ரெண்டு எயார்போட்டுக்கும் இடையிலே எழுநூத்தி எழுபது கிலோமீற்றர்" என்று முதல் நாளே சொன்னார். சரி, எழுநூற்றெழுபது. நான் மறுத்தேனா? தூரத்திலே எனக்கும் அவருக்கும் சண்டையே இல்லை. சண்டை முழுக்க நேரத்திலேதான்.

என் மகள் கௌசலாவுக்கு அவருடைய மகன் நிமலனைப் பேசினார்கள். மாப்பிள்ளையும் அங்கேதான், அதே ஹோட்டலிலே கணக்குப் பிள்ளை. நான் மாப்பிள்ளை பார்க்கப் போனேன். வாழ்க்கையிலே ஒரே ஒரு தரம் பிளேன் ஏறினேன் என்றால் அதுதான். கட்டுநாயக்காவிலே பிளேன் கிளம்பும்போது சுவர் மணிக்கூட்டிலே ஒன்பது. நானே கண்ணாலே பார்த்தேன். மேலே போய், ஒரு வெற்றிலை போட்டு, அந்தப் பிளேன்காரப் பிள்ளை வந்து "துப்பக் கூடாது அங்கிள்" என்று சொல்ல, நான் விழுங்கி, கீழே பார்த்தால் ஒரு திமிங்கிலம். சின்னதில்லை. நம்முடைய மாரியம்மன் கோயில் மண்டபம் அளவு. நான் கை காட்ட, அது வாலைக் காட்டியது. சத்தியம்! அதற்குள்ளே இறங்கிவிட்டோம். மாலே எயார்போட் சுவரிலே மணி பத்து.

ஒன்பதிலே ஏறினால் பத்திலே இறக்கம். எத்தனை மணித்தியாலம்? நீங்களே சொல்லுங்கோ. விரல் விட்டு எண்ணுங்கோ.

ஆனால் ஒரு விஷயம். என் கையிலே இந்த மணிக்கூடு. பாருங்கோ, பச்சைத் தோல் வார். என் மகள் முதல் சம்பளத்திலே வாங்கிப் போட்டது. ஓரத்திலே என் பெயரின் முதலெழுத்தை மஞ்சள் நூலாலே அவளே தைத்தாள். கிழவன் கையிலே பச்சை வாரா என்று நீர்கொழும்பே சிரித்தது. நான் கழற்றவில்லை. அது கிடக்கட்டும். இறங்கிப் பார்க்கிறேன், சுவரிலே பத்து, கையிலே பத்தரை! உயரம் போனால் மனிதனுக்கே தலைசுற்றுகிறது, பாவம் மணிக்கூடு என்ன செய்யும்? அரை மணி முந்திவிட்டது. முள்ளைப் பிடித்து இழுத்துப் பத்திலே வைத்தேன்.

திரும்பும்போது பின்னேரம் நாலு மணிக்குக் கிளம்பினோம். கட்டுநாயக்காவிலே இறங்கினால் சுவரிலே ஆறு, கையிலே ஐந்தரை! இப்போது பிந்திவிட்டது! போகும்போது முந்துகிறது, வரும்போது பிந்துகிறது. இப்படி ஒரு வியாதி எந்த மணிக்கூட்டுக்காவது வந்ததுண்டா? மணிக்கூடு திருத்துகிற அந்தோணிப்பிள்ளையிடம் கொடுத்தேன். கண்ணிலே அந்தப் பூதக்கண்ணாடிக் குழலை மாட்டி ஒரு கிழமை, ஏழு நாளும் பார்த்தான்.

"ஐயா, மணிக்கூட்டிலே ஒரு பிழையும் இல்லை."

"அப்ப பிழை ஆரிலேடா?"

அவன் அந்தக் குழலைக் கழற்றாமலே என்னை ஒரு பார்வை பார்த்தான். அந்தப் பார்வைக்காகவே அன்றைக்கே வேறு கடைக்குப் போனேன். அவனும் அதையேதான் சொன்னான். மூன்றாவது கடைக்காரனும். எல்லாரும் ஒரே சங்கம்.

வரும்போது ஏன் இரண்டு மணித்தியாலம் என்றுதானே கேட்கிறீர்கள்? அது பிளேன்காரன் செய்த சேட்டை. மேலே நின்று வட்டமடித்தான். யன்னலாலே என் வீட்டுக் கூரையை மூன்று தரம் பார்த்தேன். மூன்றாம் தரம் பார்க்கும்போது பரிமளம், என் மனைவி, கொடியிலே போட்ட உடுப்பை எடுத்துக்கொண்டிருந்தாள். அவளைக் கேட்டால் இல்லை என்பாள். அவள் எதைத்தான் ஒத்துக்கொண்டாள்?

இனித்தான் வினை. கலியாணம் நீர்கொழும்பிலே. முகூர்த்தம் காலை ஒன்பது ஐம்பதிலிருந்து பத்து நாற்பது வரை. தில்லையம்பலம் போனிலே சொல்கிறார், "அண்ணை, நாங்க முதல் நாளே வந்து ஒரு ஹோட்டலிலே தங்கிடுறம்."

நான் விடுவேனா? எங்கள் வீட்டு முறை ஒன்று இருக்கிறது. தாலிக்குப் பொன்னுருக்கிய நாளிலிருந்து தாலி கட்டுகிற மட்டும் மாப்பிள்ளை தன் வீட்டைத் தவிர வேறு கூரையின் கீழே படுக்கக் கூடாது. என் பாட்டன் படுக்கவில்லை, அப்பா படுக்கவில்லை, நான் படுக்கவில்லை. மாலேயிலே நகை வேலை செய்கிற நம்மூர்ப் பத்தர் ஒருவரைக் கூப்பிட்டுத் தில்லையம்பலம் வீட்டிலேயே பொன்னுருக்கியும் ஆயிற்று. பிறகு ஹோட்டல் என்ன ஹோட்டல்?

"காலமை வாருங்கோ. ஏழு மணிக்கு ஒரு பிளேன் இருக்கு. எட்டு மணிக்கு இஞ்சை நிப்பீங்கள்" என்றேன்.

"எட்டு இல்லை அண்ணை, ஒன்பது. பிளேன் ரிக்கற்றிலே போட்டிருக்கு."

"போகேக்க ஒண்டு, வரேக்க ரெண்டா? கடல் என்ன, வரேக்க இழுபடுமா? எழுநூத்தி எழுபது எண்டு சொன்னது நீர்தானே?"

"அண்ணை, அங்கையும் இஞ்சையும் நேரம்..."

"நேரத்தைப் பற்றி எனக்குச் சொல்லாதையும்! நான் போய் வந்த மனுசன்!"

போனை வைத்துவிட்டேன். எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுப் பவுசு காட்டுகிறார். பெண் வீட்டாரை ஒரு மணித்தியாலம் வெயிலிலே காக்கவைத்து, ஆடி அசைந்து வந்து இறங்கத் திட்டம். அதற்கு ஒரு ரிக்கற். கௌசலாவும் அந்த ரிக்கற்றின் படத்தைப் போனிலே காட்டினாள். "அப்பா, ஒன்பதுக்குத்தான் இறங்கும். பாருங்கோ." ரிக்கற் அடித்தவனுக்கும் தில்லையம்பலத்துக்கும் என்ன உறவோ, யார் கண்டது?

கலியாணத்தன்று எட்டு மணிக்குச் சொன்ன சொல்லுப்படி எயார்போட்டிலே நிற்கிறேன். பூமாலை போட்ட கார். தலைப்பாகை. மேளகாரர் நாலு பேர். எட்டு மணி. எட்டுப் பத்து. எட்டேகால். பிளேனைக் காணோம். அங்கே ஒரு மின்சாரப் பலகை, எழுத்து ஓடுகிற பலகை. அதிலே மாலே, ஒன்பது என்று போட்டிருந்தது. மேளகாரன் கூட வாசித்துக் காட்டினான். பலகையை நம்புவதா, நான் என் கண்ணாலே கண்டதை நம்புவதா? தில்லையம்பலத்துக்குப் போன் எடுத்தேன். அடைத்துவிட்டிருக்கிறது. மகனுக்கு எடுத்தேன். அதுவும் அடைப்பு. குடும்பத்தோடு போனை அடைத்துவிட்டான் கள்ளன்!

என்ன? பறக்கும்போது போனை அடைக்கச் சொல்லுவார்களா? எட்டு மணிக்குப் பிறகு ஏன் பறக்க வேண்டும், தம்பி? எட்டு மணிக்கு இறங்கியிருக்க வேண்டாமா? நீங்கள் கதையைக் கவனிக்கவில்லை.

எட்டு முப்பத்தைந்து வரை பொறுத்தேன். வேறு எந்தத் தகப்பன் பொறுப்பான்? பிறகு காரைத் திருப்பச் சொன்னேன். ஒன்பது மணிக்கு மண்டபத்திலே நுழைந்து, நேரே மணவறையிலே ஏறி நின்று, முந்நூறு பேருக்கு முன்னாலே சொன்னேன்: "மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஏமாத்திப்போட்டினம்! கலியாணம் இல்லை! எல்லாரும் போகலாம்!"

அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்கு மேலாலே ஒரு பிளேன் இரைந்துகொண்டு தாழப் போனது. ஓடு எல்லாம் அதிர்ந்தது. ஐயர் அண்ணாந்து பார்த்தார். மேளகாரர் பார்த்தார்கள். முந்நூறு பேரும் பார்த்தார்கள். நான்தான் சொன்னேன், "அது வேறை எங்கையோ இருந்து வாற பிளேன். நீங்கள் எழும்புங்கோ."

கௌசலா கூறைச் சேலையோடு வந்தாள். "அப்பா, முகூர்த்தத்துக்கு இன்னும் ஐம்பது நிமிஷம் இருக்கு. முடிய ஒண்டரை மணித்தியாலத்துக்கு மேலை இருக்கு. கொஞ்சம் இருங்கோ" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். நான் அவளைப் பார்க்காமலே ஐயரைப் பார்த்து, "தட்சணைத் தட்டை எடுத்துக்கொண்டு நடவும்" என்றேன். ஓமகுண்டத்திலே செம்பு நீரை நானே ஊற்றினேன். இந்தக் கையாலே. புகை எழும்பியது.

அவள் அழவில்லை, தம்பி. அதைத்தான் சொல்ல வந்தேன். அழுதிருந்தால் நானும் ஒருவேளை... இல்லை, நான் மாறியிருக்க மாட்டேன். அவள் மணவறையிலே கிடந்த இரண்டு மாலையையும் எடுத்துக் கையிலே போட்டுக்கொண்டாள். வாசலிலே நின்ற காரிலே ஏறினாள். அது நான் பூப்போட்ட கார். நான் பிடித்த சாரதி. அவன் ஒரு சொல் கேட்காமல் காரை எடுத்தான். சந்தியிலே ஸ்கூட்டரிலே போய்க்கொண்டிருந்த ஐயரை மறித்து ஏற்றினாளாம். எயார்போட் வாசலிலே மாப்பிள்ளையும் தில்லையம்பலமும் பெட்டியோடு வெளியே வர, நேரே றோட்டோரத்துப் பிள்ளையார் கோயில். பத்து முப்பத்துமூன்றுக்குத் தாலி கட்டு. ஏழு நிமிஷம் மிச்சம்.

என் மேளகாரர் என் சொல்லை மீறி, வாடகை வானிலே அவளுக்குப் பின்னாலே போனார்கள். சனமும் போனது. ஒவ்வொருத்தராக, செருப்பைத் தேடுகிற மாதிரி, என் முகத்தைப் பார்க்காமல். கடைசியாகப் பரிமளம். "நீங்கள் வாறீங்களா, இல்லையா?" என்று கேட்டாள். நான் சொன்னேன், "ஒரு மணித்தியாலம் எண்டு அவன் ஒத்துக்கொள்ளட்டும், வாறன்." அவள் போய்விட்டாள்.

முந்நூறு கதிரை. நான். சமையற்காரர் ஒருவர் வந்து "ஐயா, பாயசத்தை இறக்கவா?" என்றார். இறக்கச் சொன்னேன். மத்தியானம் மட்டும் அந்த மண்டபத்திலே இருந்து நாலு கோப்பை பாயசம் குடித்தேன். நல்ல பாயசம். அதைக் குடிக்கத் தில்லையம்பலத்துக்குக் கொடுத்துவைக்கவில்லை. அதிலே நான் வென்றேன்.

ஏழு வருஷம், தம்பி. ஏழு வருஷமாக அவள் மாலேயிலே. பரிமளத்தோடு போனிலே கதைப்பாள். நான் வந்தால் பரிமளம் போனோடு குசினிக்குப் போவாள். நான் குசினிக்குப் போனால் அவள் கிணற்றடிக்குப் போவாள். எனக்கு என்ன, நான் கேட்கவா போனேன்? தண்ணீர் குடிக்கப் போனேன். ஒரு பேத்தி இருக்கிறாள், அஞ்சு வயது. யாழினி என்று பெயராம். பெயர் வைத்தது தில்லையம்பலமாம். அந்தப் பிள்ளைக்கு வருகிற தையிலே இங்கே வைத்துக் காது குத்த வேண்டுமாம், என் மடியிலே இருத்திக் குத்த வேண்டுமாம். ஆனால் கௌசலா ஒரு சொல்லுச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். என்ன சொல்லு தெரியுமா? "அப்பா 'என்ரை பிழை' எண்டு ஒருக்காச் சொல்லட்டும். சொன்னால் வாறம். சொல்லாட்டில் பிள்ளைக்கு இஞ்சையே குத்திடுவம்." ஞாயிற்றுக்கிழமைக்குள்ளே பதில் வேண்டுமாம். இன்றைக்கு வியாழன்.

எப்படிச் சொல்லுவேன்? பிழை இருந்தால் சொல்லலாம். ஒன்பதிலே ஏறிப் பத்திலே இறங்கியவன் நான்! எந்த நீதவானிடம் வேண்டுமானாலும் கொண்டுபோங்கோ!

என்ன சொன்னீர்கள்? திருப்பிச் சொல்லுங்கோ. நமக்கும் அவர்களுக்கும் நேரத்திலே அரை மணி வித்தியாசமா? இங்கே பத்தரை என்றால் அங்கே பத்தா?

நீங்களுமா! நான் அப்போதே நினைத்தேன், இந்தப் பிள்ளை கழுத்துப் பட்டன் வரை போட்டிருக்கிறதே, பையிலே பேனா இருக்குமென்று. அரை மணி வித்தியாசமாம்! ஒரே சூரியன், ஒரே கடல். அங்கே சுடுகிற மீனின் புகை இங்கே மணக்கிற தூரம். அவன் மட்டும் எப்படி அரை மணி பிந்தி எழும்புவான்? சோம்பேறியா? ஓம், தில்லையம்பலம் சோம்பேறிதான், அதை ஒத்துக்கொள்கிறேன். ஒரு தேசமே சோம்பேறியாக இருக்குமா? அந்தோணிப்பிள்ளையும் பிறகொரு நாள் இதைத்தான் சொன்னான். பரிமளமும் சொன்னாள். ஐயரும் சொன்னார், பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு. எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லுகிறார்கள் என்றாலே தெரியவில்லையா, யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்று?

கோபிக்காதேங்கோ. இருங்கோ. இறங்குகிற இடம் வந்துவிட்டது, அந்த மதிலைத் தாண்டினால் எயார்போட் வாசல். சரி, உங்களுக்கு மட்டும் சொல்கிறேன். கிட்ட வாருங்கோ. நான் இந்த பஸ்ஸிலே சும்மா வரவில்லை. செவ்வாய் வந்தேன், நேற்று வந்தேன். மாலேக்குப் போகிற ஒரு நல்ல மனிதரைத் தேடித்தான் வந்தேன். உங்கள் பையிலே தொங்குகிற சீட்டிலே மாலே என்று இருந்ததைப் பார்த்தேன். முன்சீட்டுக்காரர் வாய் திறந்தது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

இந்தாருங்கோ. மணிக்கூடு. கழற்றிவிட்டேன். கை வெளிறிப்போய்க் கிடக்கிறது பாருங்கோ, வார் இருந்த இடம். காலையிலே சாவி கொடுத்தது. பிளேன் கிளம்பும்போது பாருங்கோ, இறங்கும்போது பாருங்கோ. முள்ளிலே கை வைக்கக் கூடாது! சுவர் மணிக்கூடு என்ன சொன்னாலும் கை வைக்கக் கூடாது. நான் வைத்துவிட்டேன். அன்றைக்கு நான் கை வைத்துவிட்டேன், தம்பி. அதிலிருந்துதான் எனக்கு இந்த... ஒன்றுமில்லை.

இறங்கினதும் மீன் சந்தைக்குப் பின்னாலே ஹோட்டல் ஸ்டோர் எங்கே என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். தில்லையம்பலம் நிற்பார், மூன்று பேனாவோடு. அவரிடம் கொடுக்க வேண்டாம். அவர் முகத்தைக் கூடப் பார்க்க வேண்டாம். கௌசலாவைக் கூப்பிட்டு அவள் கையிலே கொடுங்கோ. எத்தனை மணித்தியாலம் என்றும் அவளிடமே சொல்லுங்கோ. ஒன்று என்றால், "உன்ரை அப்பா வேலும்மயிலும் தந்துவிட்டவர்" என்று சத்தமாகச் சொல்லுங்கோ, தில்லையம்பலத்துக்கும் கேட்கிற மாதிரி, மீன் சந்தைக்கே கேட்கிற மாதிரி.

ஒன்றரை என்றால்...

ஒன்றரை என்றால் ஒன்றும் சொல்ல வேண்டாம். பஸ்ஸிலே சீட்டிலே கிடந்தது, எடுத்துவந்தேன் என்று கொடுத்துவிட்டு வாருங்கோ. எந்தக் கிழவனையும் நீங்கள் காணவில்லை. இந்தக் கதையை உங்களுக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் எப்படிக் கண்டுபிடிப்பாள், ஊரிலே எத்தனை பேர் மணிக்கூடு கட்டுகிறார்கள்! இறங்குங்கோ, இறங்குங்கோ, சாரதி கத்துகிறான். தம்பி, யார் தந்தது என்று மட்டும் அவளுக்குச் சொல்லிப்போடாதேங்கோ!